கெப் வாங்காத கெப் நிபுணர்

நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலடி நடந்தால் கண்ணில் படுகிற ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கெப் வாங்காத கெப் நிபுணர். பின்னால் மூட்டை ஏற்றும் சின்ன லொறிதான் எங்கள் ஊரில் கெப்; நிபுணர் என்ற பெயர் நான் வைத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் பெயர் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மூட்டை தூக்கி, மூன்று லொறிக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். வண்டி விஷயத்தில் யாருக்கும் பெயர் வைப்பேன்.

நிபுணருக்குச் சொந்தமாகச் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் கரண்டில் ஓடும் கெப் வந்தாலும் வந்தது, தலைமுறையாக வண்டி செய்யும் பழைய கம்பெனிக்கும் நேற்று முளைத்த புதுக் கம்பெனிக்கும் நடக்கிற போட்டியில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்துவிட்டது. யார் வைத்தார்கள்? யாரும் வைக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பணிஸைத் தேநீரில் தோய்த்தபடி, காலையில் பழையது இரும்பு, புதியது தகரம் என்பார். மத்தியானம் புதுக் கம்பெனி ஒரு கலண்டர் கொடுத்துவிட்டால், பழையவனுக்கு வயதாகிவிட்டது என்பார். டயரை எட்டி உதைப்பார். கரண்டு வண்டியின் பொனட்டில் காதை வைத்து, சத்தமே இல்லை, ஏதோ கோளாறு என்பார்.

துணிக்கடை சிதம்பரநாதனை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரட் ஏற்றும் நல்லமுத்துவின் கிழட்டுக் கெப் மூச்சை விட்டுவிட்டது. மலைக்குக் கீழே கம்பளை டவுனில் இருக்கும் மரக்கறிக் கடைக்காரரோ, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று நாளுக்கு இரண்டு லோடு வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பழைய கம்பெனியின் கரண்டு கெப் நல்லதுதான், கைக்கு வர எட்டு மாதம் ஆகும். புதுக் கம்பெனி அடுத்த வாரமே தருவதாகச் சொல்லி, ஓட்டிப் பார்க்க இரண்டு நாளைக்கு ஒரு கெப்பை விட்டுப்போனது.

முதல் நாள் நம் நிபுணர் சிதம்பரநாதன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். யார் கூப்பிட்டது? றம்பொடை இறக்கம் வந்ததும், எண்ணெய் மிச்சம் பிடிக்க நம் மலைநாட்டு டிரைவர்களின் கை தானாக ஓரிடத்துக்குப் போகுமே, அந்த இடத்தைக் காட்டினார்.

"நியூட்ரல்ல போடுங்க தம்பி. சும்மா உருளுற ரோட்டுக்கு எதுக்குக் கரண்டு?"

நல்லமுத்து போட்டார். பிரேக்கை மிதித்து மிதித்தே கம்பளைப் பக்கம் இறங்கினார்கள். திரும்பி வரும்போது, றம்பொடை ஏற்றத்தின் பாதியில், தேயிலைக்கு நடுவே, கரண்டு தீர்ந்து கெப் படுத்துவிட்டது. இரண்டாவது லோடு நுவரெலியாவிலேயே கிடந்தது. நிபுணர் இறங்கி டயரை உதைத்தார். தகரம் என்று தீர்ப்பளித்தார்.

கட்டி இழுக்க ஆள் கூட்டி வந்த புதுக் கம்பெனிப் பிள்ளை தர்ஷிகா, மீட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டது.

"எறக்கத்துல நியூட்ரல்ல விட்டீங்களாண்ணே? கியர்லயே எறங்குனாத்தாங்க இதுக்குத் தானா சார்ஜ் ஏறும். திரும்பி வரக் கரண்டு அந்த எறக்கமே குடுத்திருக்கும்."

நல்லமுத்து சிதம்பரநாதனைப் பார்த்தார். சிதம்பரநாதன் தூரத்தில் தெரிந்த கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தார்.

நல்லமுத்து கெஞ்சிக் கேட்டதில் கம்பளைக்காரர் ஒரே ஒரு நாள் தவணை தந்தார். மறுநாள் விடிய நிபுணர் மப்ளரோடு தயாராக நின்றார். முன் சீட்டில் ஒரு கரட் மூட்டை உட்கார்ந்திருந்தது.

"எடமில்லைங்க மொதலாளி," என்றார் நல்லமுத்து.

மூட்டை வழி நெடுக வாய் திறக்கவில்லை. கெப் கியரிலேயே இறங்கியது; இரண்டு லோடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கம்பளை ஓட்டமும் நல்லமுத்துவுக்கே நிலைத்தது.

அடுத்த வாரம் புதுக் கெப்புக்குக் கோயிலில் பூசை வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சில்லு ஏறியபோது, முன்னால் நின்று ஊருக்கு விளக்கம் சொன்னவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"எறக்கத்துல கியர்லயே விடணும்னு தம்பிக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

சரி. இவ்வளவு வாசித்த உங்களுக்கு இப்போது நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்கிறது, எனக்குத் தெரியும். கடைசியில் எந்தக் கம்பெனி கெப்தான் நல்லது? அது இருக்கட்டும், நீங்கள் கெப் வாங்கப் போகிறீர்களா? இல்லையே. அப்படியென்றால் டீக்கடைக்கு வாருங்கள். சிதம்பரநாதன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார். அவருக்குக் கிடைத்த கலண்டரை மட்டும் கேட்காதீர்கள்.