ஆறு மணிக்குக் கை தூக்கும் தலைவர்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. தொண்டன் கிடைக்கும் முன்பே சிலைக்கு இடம் பார்த்துவிடும் தலைவர் இனம். எங்கள் அயர்லாந்திலும் அதில் ஒரு சரக்கு இருந்தது. பெயர் டெக்லன் முல்வனி. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஐரோப்பாவில் இந்த ரகத் தலைவர்களெல்லாம் ஊரைக் கொளுத்தித் தாமும் ஒழிந்த பிறகு, "அவங்களுக்குச் சரியாச் செய்யத் தெரியல" என்று சொல்லிக்கொண்டு, பன்றிக்கறிக் கடை மாடியில் கட்சி ஆரம்பித்தவர். பாராளுமன்றத்தைப் பூட்டுவது, அந்நியரை விரட்டுவது, நடனக் கூடங்களை இடிப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே தலைவர்: கொள்கை அவ்வளவுதான். அந்த ஒரே தலைவர் யார் என்றா கேட்கிறீர்கள்? நல்ல ஆள் நீங்கள்!

கூட்டம்தான் சேரவில்லை. முல்வனி யோசித்தார். சந்தை நாளில், மாதா கோயிலுக்கு எதிரே வண்டிமேல் ஏறி, ஆறு மணிக்குச் சற்று முன்னால் பேச்சைத் தொடங்குவார். ஆறுக்குக் கோயிலில், கத்தோலிக்கர் தினம் மூன்று வேளை சொல்லும் மூவேளை செபத்துக்கு மணி அடிக்கும். மாடு விற்பவன், வாங்குபவன், தரகன், குடிகாரன், அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்பார்கள். தலைவர் கை உயரும். கட்சியின் செயலாளரும் ஒரே தொண்டருமான பார்ட்லி படம் எடுப்பார். படத்தைப் பார்த்தால் நாடே காலடியில்!

அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து முல்வனியே நம்பிவிட்டார். தேர்தலில் நிற்கப் பால்பண்ணை வேலையை விடப் போனார்.

"அவசரப்படாதீங்க தலைவரே. அதெல்லாம் மணிக்குக் குனிஞ்ச தலைங்க" என்றார் பார்ட்லி.

"துரோகி! கட்சிய விட்டுப் போய்யா வெளியே!"

கட்சியில் பாதி வெளியேறியது. தலைவரின் வேலையும் போனது.

கடைசிக் கூட்டத்தன்று பார்த்து, கோயில் மணியின் கயிறு அறுந்துபோயிருந்தது. தலைவருக்குத் தெரியாது. ஆறு மணி. கை உயர்ந்தது. ஒரு தலைகூடக் குனியவில்லை! தூக்கிய கையை இறக்க மனம் வரவில்லை, தூறல் வேறு.

"என்னய்யா, மழை வருதான்னு பாக்கறியா?" என்றான் ஒரு தரகன். சந்தையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே, ஓரத்தில் நின்ற ஒருவர் மட்டும் தொப்பியைக் கழற்றினார். பார்ட்லி. பாவம், மனசு கேட்கவில்லை.

முல்வனிக்குக் கண் கலங்கியது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாரா? வண்டிமேலிருந்து கத்தினார்:

"நீ கட்சியிலேயே இல்ல! தொப்பியப் போடுய்யா!"

பார்ட்லி தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படியும் ஒரு பைத்தியமா என்று சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அது இருக்கட்டும், உண்மையைச் சொன்னான் என்பதற்காகக் கடைசியாக நீங்கள் துரத்தியது யாரை? கோபப்படாதீர்கள், சும்மா கேட்டேன்.