நாரிப்பிடிப்புக்குச் செய்த வைத்தியம்

மகள் தக்ஷினியின்ர கலியாணத்தில பட்டுவேட்டி கட்டிறேல்லை எண்டு முடிவெடுத்தன். ஆராலயும் அசைக்கேலாத முடிவு.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பியள். சிரியுங்கோ. போன வருசம் எனக்குப் புறோஸ்டேட்டை வெட்டி எடுத்தாங்கள். வெட்டினவன் நல்லாத்தான் வெட்டினான், குழாயைப் பூட்டத்தான் மறந்துபோனான் போல. இருமினால் ஒரு சொட்டு. தும்மினால் நாலு. எங்கையாவது தண்ணி விழுற சத்தம் கேட்டால் கணக்கே இல்லை. கறுப்புக் காற்சட்டையும் உள்ளுக்கொரு பஞ்சுத்துண்டும்தான் என்ர மானத்தைக் காப்பாத்திச்சுது. வெள்ளைப் பட்டுவேட்டி காப்பாத்துமே?

இதுக்குப் பிசியோ இருக்கு, போ எண்டான் எங்கட தமிழ் டொக்டர். மூத்திரத்துக்குப் பிசியோவாம்! அறுபத்துமூண்டு வயசில ஒண்டுக்குப் போக எனக்கு ஆள் வைச்சுப் பழக்கோணுமோ? போகேல்லை. மனுசி பாலாம்பிகையிட்ட, "எல்லாம் நிண்டிட்டுது" எண்டு ஒரு பொய்யையும் சொல்லிவைச்சன்.

ஆனா கலியாணம் பொல்லாதது. லவால் எண்ட பக்கத்து ஊரில பெரிய மண்டபம். மணவறையில மணித்தியாலக் கணக்காச் சம்மணம். அதுக்குள்ள கன்னிகாதானம். தாய் செம்பால தண்ணி வார்க்க, தேப்பன் கையை ஏந்தோணும். தண்ணிச் சத்தம்! எந்தப் பாவி உண்டாக்கின சடங்கோ. அவ்வளவு சனத்துக்கும் வீடியோவுக்கும் முன்னால நானும் சேர்ந்து தாரை வார்த்தால்?

உடன எனக்கு இடுப்பில நாரிப்பிடிப்பு வந்திது.

"இஞ்சேரும், நாரியை அசைக்கேலாது. நிலத்தில குந்த வழியில்லை. தம்பி மார்க்கண்டுவும் பெண்சாதி கிளியும் மணவறையில இருக்கட்டும்."

பாலாம்பிகை வெங்காயம் வெட்டின கத்தியோட திரும்பினா.

"அப்ப என்ர பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிறது கிளியோ?"

"சித்திதானே."

"பெத்தது நான். இரவும் பகலும் நோப்பட்டது நான். தண்ணி வார்க்க மட்டும் கிளி!" கண் கலங்கியிருந்திது. வெங்காயம் எண்டு நினைக்க விரும்பினன். "நாரிதானே? பிசியோவுக்குப் போவம்."

"எனக்குப் பிரெஞ்சு..."

"நான் கதைக்கிறன்."

இதுதான் இந்த நாட்டில என்ர சீவியம். முப்பது வருசம் ரெஸ்டோரண்ட் குசினியில கோப்பை கழுவினன். கோப்பையள் பிரெஞ்சு கதைக்கேல்லை. அவ கார்தெரி எண்ட குழந்தைக் காப்பகத்தில பிள்ளையளைப் பார்த்துப் பார்த்துப் பாஷையைப் பிடிச்சிட்டா. வீட்டுக்காரன், வங்கி, பள்ளிக்கூடம், எல்லா இடத்திலயும் என்ர வாய் அவதான். எனக்குக் கையெழுத்து மட்டும்.

தமிழ்ச்சனம் கண்ணில படாத இடமா, ஆத்துக்கு அங்கால லொங்குய்யில ஒரு கிளினிக் பிடிச்சா. அங்க ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. என்ர நாரியைப் பற்றித் தமிழில ஒரு புராணமே படிச்சன். பாலாம்பிகை மளமளவெண்டு பிரெஞ்சில சொன்னா. பெட்டை பாவம் பார்த்துத் தலையாட்டினாள். பேந்து என்ர அடிவயித்தில ஒரு கருவியை வைச்சு, திரையைக் காட்டி என்னவோ சொன்னாள்.

"என்னவாம்?"

"வாயுவை அடக்கிறமாதிரிக் கீழ இறுக்கிப் பிடிக்கட்டாம். பேந்து விடட்டாம்."

"நாரிக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"அத்திவாரம் சரியெண்டால்தானே சுவர் நிக்கும்? அவள் படிச்சவள். செய்யுங்கோ."

செய்தன். கிழமைக்கொருக்கா அந்தப் பெட்டையிட்ட, மற்ற நாளில வீட்டில, மெட்ரோவில, கோயில்ல. இருமமுதல் இறுக்கு. கதிரையால எழும்பமுதல் இறுக்கு. கோப்பியையும் குறைச்சுப்போட்டா. "இறுக்கினீங்களோ?" "ஓமப்பா, இறுக்கினன்." கலியாணம் கட்டின நாளில இருந்து இவ்வளவு அக்கறையா அவ என்னை ஒண்டும் கேட்டதில்லை.

நாரிப்பிடிப்பு இருந்தால்தானே மாற! ஆனா மற்றது மாறத் துவங்கிச்சு. சொட்டுக் குறைஞ்சுது. ஒருநாள் நிண்டே போச்சு. எல்லாம் என்ர மனவைராக்கியம். "நாரி சுகம்" எண்டு அறிவிச்சுப்போட்டுப் பட்டுவேட்டியைக் கட்டினன்.

மணவறையில பாலாம்பிகை செம்பைச் சரிச்சா. தண்ணி சளசளவெண்டு என்ர கையில விழுந்திது. இறுக்கினன். மகள் அழுதாள், தாய் அழுதா, நானும் அழுதன். நனைஞ்சது கண் மட்டும்.

அடுத்தநாள் அவ வேட்டியை மடிச்சுக்கொண்டிருக்கேக்க எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை.

"பார்த்தீரே என்ர வைராக்கியத்தை? உமக்குத் தெரியாமல் எனக்கு அந்தச் சொட்டு வருத்தம் இன்னும் இருந்திது. டொக்டர் அதுக்குப் பிசியோ எண்டான். போகாமலே சுகப்படுத்திப்போட்டன்."

அவ நிமிரவேயில்லை. "எனக்குத் தெரியாமலோ? நீங்கள் இரவில கட்டிப் படுக்கிற சாரத்தைத் தோய்க்கிறது ஆர்?"



"அப்ப அந்தப் பெட்டையிட்ட நீர் என்ன சொன்னனீர்?"

"உள்ளதைச் சொன்னன். இந்த மனுசன் வெக்கத்தில நாரி, நாரி எண்டுதான் கத்தும், நீ தலையை மட்டும் ஆட்டு எண்டு முதலே போனில சொல்லிப்போட்டன்."

மாசக்கணக்கா ரெண்டு பொம்பிளையள் என்ர மூத்திரத்தைப் பற்றி என்ர முகத்துக்கு முன்னால கதைச்சிருக்கினம். நடுவில இருந்து நான் "மெர்சி, மெர்சி" எண்டு கும்பிட்டிருக்கிறன்.