என் வண்டி, என் சறுக்கல்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வெளியில் பார்த்தால் தெரியாது. அவர்கள் காரில் ஏறி உட்கார்ந்தால்தான் தெரியும். எஞ்சினைக் கிளப்பி, பெல்ட்டை மாட்டி, கண்ணாடியைத் திருப்பி, சாலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பொத்தானைத் தேடி, அதை ஆள்காட்டி விரலால் அழுத்தி, ஐந்து விநாடி அப்படியே வைத்திருப்பார்கள். ஏதோ பூஜை என்று நினைத்து நீங்களும் கும்பிட்டுவிடாதீர்கள். வண்டி சறுக்காமல் காப்பாற்றுகிற ஏற்பாட்டை அவர்கள் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். வளைவில் சக்கரம் பிடி தவறினால், ஓட்டுகிறவர் அதை உணர்வதற்குள் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, நான்கு சக்கரத்தில் எதற்குத் தேவையோ அதற்கு மட்டும் பிரேக் போட்டு, வண்டியைத் தடத்துக்குக் கொண்டுவந்துவிடும். நமக்கு அது உபகாரம். அவர்களுக்கு அவமானம்.

போடிநாயக்கனூரில் இந்த இனத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பல் டாக்டர் பிரபாகரனைப் பார்க்கலாம். எட்டு மாதத்துக்கு முன் கோயமுத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இரண்டே இருக்கை. பின்சக்கரங்கள்தான் தள்ளும். தரையோடு தரையாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் ஆடு ஒன்று ஜன்னல் வழியே அவரைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. டாக்டர் அதை மறுக்கிறார்.

"ரோடு என்கூடப் பேசணும்யா," என்பார் டீக்கடையில். "ஸ்டியரிங்ல கைய வச்சா டயரு என்ன நெனைக்குதுன்னு விரல்ல தெரியணும். நல்லாப் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்துல இந்தச் சனியன் குறுக்க வருது. எவனோ பின்னால இருந்து சட்டைக் காலரப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு."

மருந்துக் கடை கண்ணுச்சாமி பள்ளியில் அவரோடு ஒரே பெஞ்சு. "நம்ம ஊரு ரோடு என்ன மாப்ளே பேசும்? பள்ளம் பள்ளம்னு பேசும்."

"ஒனக்குச் சொன்னாப் புரியாது."

புரியாதுதான். ஏனென்றால் கடைவீதியில் டாக்டரின் வேகம் மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். முன்னால் மினி பஸ், பக்கத்தில் தள்ளுவண்டி. எட்டு மாதத்தில், பொத்தானை அழுத்த மறந்த நாட்களில், கன்ட்ரோல் குறுக்கே வருவதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு கண் சிமிட்டியது மொத்தம் மூன்றே முறை. ராசிங்காபுரம் சாலையில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தின் மேல் ஏறியபோது ஒன்று. மார்க்கெட் வாசலில் லோடு வண்டியிலிருந்து கொட்டிய தக்காளியில் ஒன்று. சர்வீஸ் ஸ்டேஷன் சரிவில், சோப்பு நுரையில், நடக்கிற வேகத்தில் ஒன்று. இந்த மூன்று அநீதிகளையும் அவர் தேதியோடு சொல்வார்.

அதைவிடப் பெரிய குறை வேறு. ஒவ்வொரு முறை எஞ்சினைக் கிளப்பும்போதும் அந்தக் கன்ட்ரோல் தானாகவே விழித்துக்கொள்ளும். நேற்று நிறுத்தியது இன்று செல்லாது. "நேத்துத்தான சொன்னேன்," என்று டாக்டர் அதனிடம் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஐந்து விநாடி அழுத்துவார்.

குறுக்கீட்டை இவ்வளவு வெறுக்கிறவர், மற்றவர் காரியத்தில் தலையிடவே மாட்டார் என்று நினைக்கிறீர்கள். நியாயமான நினைப்பு. ஆனால் டீக்கடையில் கண்ணுச்சாமிக்கு டீ வரும்போது "சீனி பாதி" என்று மாஸ்டரிடம் சொல்வது யார்? வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை நிறுத்துவது யார்? மனைவி கலையரசி ராசிங்காபுரம் பள்ளியில் கணக்கு டீச்சர். குடும்பத்தின் பெரிய வண்டியை ஆறு வருடமாகத் தினமும் தானே ஓட்டிப் போய்வருகிறார். அவர் வாசலில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது, சுற்றிலும் முப்பது அடிக்கு ஒன்றும் இல்லாத இடத்தில், "வா, வா, ஒடி, ஒடி, போதும்" என்று காரின் பின்பக்கத்தைத் தட்டுவது யார்?

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கார் வீட்டில் நீடிக்குமா என்பதே போன வாரம் கேள்வியாகிவிட்டது. கலையரசி அதில் ஏற மறுத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார்.

"நாளைக்கு ஸ்கூல் லீவு. காலையில போடிமெட்டு வரைக்கும் வர்றேன். மடியில சாம்பார் தூக்குவாளி வச்சிருப்பேன். சிந்தாம மேல கொண்டு போய்ச் சேத்தீங்கன்னா வண்டி இருக்கட்டும். சிந்துச்சுன்னா அந்தக் கோயமுத்தூர்க்காரருக்கே போன் போட்டுருங்க."

"மூடி போட்ட வாளிதான?"

"மூடி லூசு."

டாக்டர் சம்மதித்தார். கார் போய்விடுமே என்று அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான், தெரிந்தே முதல்முறையாக, மறுநாள் காலை அந்தப் பொத்தானைத் தொடாமல் வண்டியை எடுத்தார்.

அடிவாரத்து முந்தல் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. இருபுறமும் மழை பெய்து கழுவிய பச்சை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன், இரண்டாம் கியர், அப்புறம் முதல் கியர். வாளி அசையவில்லை. கலையரசிகூடத் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆறாவது வளைவில் பாறையிலிருந்து வழிந்த தண்ணீர் சாலையைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒரு சிட்டிகை கூடுதலாக மிதித்தார். விளக்கு கண் சிமிட்டியது. எஞ்சின் மூச்சை அடக்கிக்கொண்டது. எங்கோ ஒரு சக்கரம் லேசாக முனகியது. வண்டி சமர்த்தாகத் திரும்பி மேலே போனது.

டாக்டரின் முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியா? விடமாட்டேங்குது."

"எத?"

"வால. வண்டியோட வாலு லேசா வெளிய போகும். அத நான் ஸ்டியரிங்ல பிடிப்பேன். அதுதான் ஓட்டுறதுல சுகமே."

"வெளிய போகாம இருந்தா பிடிக்கிற சோலியே இல்லையே."

கணக்கு டீச்சரிடம் பேசக் கூடாது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மனைவி முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சாம்பார் சிந்தவில்லை, கார் கிட்டத்தட்ட காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆனால் காப்பாற்றியது யார்? அவரா, அதுவா? மேலே போய்ச் சேர்ந்தால் பாராட்டு யாருக்கு? இந்தக் கேள்வி ஏழாவது வளைவில் முளைத்து, எட்டில் கிளைவிட்டு, ஒன்பதில் காய்த்துவிட்டது. பத்துக்கு முன்னால் ஒரு நேர்ச் சாலை. டாக்டரின் ஆள்காட்டி விரல் மெல்ல இறங்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. இப்பப் பாரு வித்தியாசத்த."

வித்தியாசம் உடனே தெரிந்தது. பத்தாவது வளைவிலும் தண்ணீர். போதாக்குறைக்கு இரவு மழையில் சரிந்த செம்மண். டாக்டர் திருப்பினார், மிதித்தார். வால் வெளியே போனது. அவர் பிடித்தார். அது போய்க்கொண்டே இருந்தது. அவர் இன்னும் பிடித்தார். மலை, வானம், கீழே பள்ளத்தாக்கு, மறுபடி மலை என்று கண்ணாடியில் ஒவ்வொன்றாக வந்துபோய், கடைசியில் வண்டி போடியைப் பார்த்துத் திரும்பி, மலையோரத்து ஓடைக்குள் ஒரு பின்சக்கரத்தை இறக்கி நின்றது. நல்லவேளை, மலையோரம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

வாளியில் பாதி சாம்பார் இருந்தது. மீதி பாதியில் கொஞ்சம் டாக்டரின் வெள்ளைச் சட்டையிலும், நிறைய டாஷ்போர்டிலும் இருந்தது. கியர் தண்டின் மேல் முருங்கைக்காய்த் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. கலையரசி அதை இரண்டு விரலால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

பின்னாலேயே ஏலத் தோட்டத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பால்ராஜ். உள்ளே, வெளியே, கம்பியில் என்று பதினான்கு பேர். தினம் விடியலில் இந்தச் சாலையில் ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிறவர்கள்.

"என்ன சார், போடிக்கா?" என்றார் பால்ராஜ்.

"இல்ல, மேல."

"வண்டி கீழ பாத்து நிக்குதே."

பின்னாலிருந்து அன்னக்கொடி எட்டிப் பார்த்தார். போன மாதம் டாக்டரிடம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர். "அட, நம்ம பல்லு டாக்டரு. என்னைய நாக்க அசைக்காத, நாக்க அசைக்காதன்னு அம்புட்டு அதட்டு அதட்டுனாரு. இப்பப் பாரு, மொத்தத்தையும் அசைச்சுப்புட்டு நிக்கிறாரு."

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் இறங்கினார்கள்.

"ஏய் ராக்கு, நீ அந்தப் பக்கம் வா. வெரசா, வெரசா. கங்காணி பேரு கூப்புடுறதுக்குள்ள போகணும்," என்றார் அன்னக்கொடி.

தூக்குகிற நேரத்தில் நம் டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? "பம்பரப் பிடிக்காதீங்க, அடியில பிடிங்க. இல்ல, அங்க வேணாம். நான் மூணு சொன்னதும் தூக்கணும். ஒண்ணு..." என்று அவர் எண்ணத் தொடங்கியபோது கார் ஏற்கெனவே சாலைக்கு வந்துவிட்டிருந்தது.

"டாக்டரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க," என்றார் பால்ராஜ். "நீங்க நிக்கிற எடத்துலதான் வண்டியத் திருப்பணும்."

திருப்பியது கலையரசி. சாவி எப்போது அவர் கைக்குப் போனது என்று டாக்டருக்கு இன்றுவரை தெரியாது. இறங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வலதுபக்கம் வந்து உட்கார்ந்து, இடதுபக்கம் ஏறிய டாக்டரின் மடியில் தூக்குவாளியை வைத்தார். எஞ்சினை நிறுத்திக் கிளப்பினார். கன்ட்ரோல் வழக்கம்போலத் தானாக விழித்துக்கொண்டது. டீச்சர் அதைத் தொடவில்லை.

பதினோராவது வளைவு.

"ஹாரன் குடு."

"குடுத்தாச்சு."

"கியரக் குறை."

"குறைச்சாச்சு."

"எதுக்க பஸ்சு வந்தா எறங்குறவன்தான் ஒதுங்கணும், நீ ஒதுங்காத. தண்ணி இருக்கு பாரு. மெதுவா, மெதுவா."

மடியில் சாம்பாரை வைத்துக்கொண்டு டாக்டரின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தரை விரிப்பைச் சுருட்டிவிட்டது. பதின்மூன்றாவது வளைவு தாண்டி, சாலை கொஞ்சம் அகன்ற இடத்தில் கலையரசி வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏங்க, ஒரு சந்தேகம். அந்த கன்ட்ரோலு எப்ப குறுக்க வரும்?"

"வண்டி சறுக்குறப்ப."

"சறுக்கலன்னா?"

"சறுக்கலன்னா சும்மா இருக்கும்."

"அப்ப அது எவ்வளவோ தேவல."

மிச்ச நான்கு வளைவுகளிலும் டாக்டர் இரண்டு கையாலும் வாளியின் மூடியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார்.

போடிமெட்டில் டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாளியைத் திறந்து, மிச்சச் சாம்பாரில் கடை இட்லியை நனைத்துச் சாப்பிட்டார்கள். மூடுபனி காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு இட்லியைப் பத்து நிமிடம் மென்றார். பிறகு தானே போனை எடுத்தார்.

"கோயமுத்தூர்க்காரரு நம்பர் இருக்கு. பேசிர்றேன்."

"எதுக்கு?"

"சிந்திருச்சே."

"நீங்க ஓட்டுனப்பதான சிந்துச்சு. எங்கிட்ட வந்ததுக்கப்புறம் ஒரு சொட்டு குறையல." கலையரசி மஞ்சள் காரை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "நல்ல வண்டிங்க. சொன்ன பேச்சு கேக்குது. இருக்கட்டும். திங்கக்கிழமையில இருந்து ஸ்கூலுக்கு இதுல போறேன். நீங்க பெரிய வண்டிய எடுத்துக்கங்க."

கார் நிலைத்துவிட்டது. டாக்டர் சந்தோஷப்பட வேண்டுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது தினமும் காலையில் மஞ்சள் கார் வாசலைத் தாண்டும்போது, "மக்காச்சோளம் காயப்போட்டிருப்பான், பாத்துப் போ" என்று பின்னாலேயே தெருமுனை வரை நடக்கிறார்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தப் பத்தாவது வளைவைப் படிக்கும்போது, "முதல் கியரில் உருட்டியிருக்கணும்", "மண்ணைப் பார்த்ததும் காலை எடுத்திருக்கணும்", "நானாக இருந்தால்" என்று உள்ளே ஏதாவது ஓடியதா? படிப்பதை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அதைச் சொன்னீர்களா? அவர் தன் வேலையை விட்டுவிட்டு உங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாரா?

கோபிக்காதீர்கள். அவர் நெடுநாளாக உங்கள் மேல் ஒரு பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார்.