இலவச ஆதரவாளர்

திருடர்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். திருடனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும். நான் சொல்லப்போகும் இனத்துக்கு அது கிடையாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய செல்போன் விளையாட்டைப் பூட்டுடைத்த பதிப்பாக எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு, தான் விளையாடி, பிள்ளைகளுக்குக் கொடுத்து, மச்சானுக்கு அனுப்பி, குரூப் குரூப்பாக விநியோகித்து, கடைசியில் "இதைச் செஞ்சவங்களுக்கு நாமதான் ஆதரவு குடுக்கணும்" என்று கண் கலங்கும் இனம் அது. இலவச ஆதரவாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் நாலு பேர் தென்படுவார்கள். இயர்போன் போடமாட்டார்கள், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இவர்களில் தலைசிறந்தவர் உடையார்பாளையம் ராசாங்கம். முந்திரி வியாபாரி, சொந்தத் தோப்பும் உண்டு. தோப்பில் உதிர்ந்து கிடந்த கொட்டையை யாரோ மடியில் கட்டிக்கொண்டு போனார் என்பதற்காக ஊரையே கூட்டியவர். அப்படிப்பட்டவர் விளையாட்டை மட்டும் ஓசியில் எடுக்கலாமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சார், கொட்டைய எடுத்தா என் தோப்புல கொறையும். இத எடுத்தா அங்க என்ன கொறையுது? அப்புடியேதான இருக்கு?"

இந்த இனத்தோடு வாதாடி ஜெயித்தவர் யார்? வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நம்மிடம் அடித்த கொள்ளை போதாதா என்பார்கள். ஏழைப் பிள்ளைகள் விளையாட வேண்டாமா என்பார்கள்; சொல்லும்போது அவர்கள் கையிலிருக்கும் போன் எந்த ஏழையும் தொட்டுப் பார்த்திராத ரகம். "நம்மூரு ஆளு ஒருத்தரு பண்ணட்டும், மொத ஆளா காசு கட்டுறேனா இல்லியான்னு பாருங்க" என்று சவாலும் விடுவார்கள்.

பண்ணினாள் ஒருத்தி. அதே ஊர்ப் பெண், ராசாங்கத்துக்கு மகள் முறை, பூங்குழலி. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டு மாடியறையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்தாள். முந்திரித் தோப்புக்குள் காட்டுப்பன்றிகள் புகும், நாம் விரட்ட வேண்டும். விரட்டுகிற குரல் அவள் அம்மா சிந்தாமணியுடையது. "ஏய்... போ, அந்தாண்ட போ!" என்று அந்த அம்மாள் போடும் சத்தத்தில் பன்றி என்ன, நமக்கே ஓடத் தோன்றும். ஒரு தோப்பைக் காப்பாற்றினால் அடுத்த தோப்பு; முதல் தோப்பு இலவசம், மற்றவற்றுக்குச் சிறு கட்டணம். பொங்கலுக்குள் இது சோறு போட்டால் ஊரிலேயே இருந்து அடுத்ததைச் செய்வது, இல்லாவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

ராசாங்கம் பூரித்துப்போனார். பூரிப்பில் முதல் காரியமாகப் பூட்டுடைத்த பதிப்பைத் தேடிப் பிடித்தார். 'நம்ம வீட்டுப் பெண் செய்தது, எல்லாத் தோப்பும் திறந்தே இருக்கிறது, ஆதரவு தாரீர்' என்று உறவுக்காரர் குரூப், வியாபாரிகள் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப், கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வருஷா வருஷம் வேன் பிடிப்பவர்கள் குரூப் என்று ஒன்றுவிடாமல் போட்டார். கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் பூங்குழலி சின்னதாகவும் ராசாங்கம் பெரிதாகவும் சிரித்தார்கள். நடுவில் ஸ்கேன் செய்ய ஒரு கட்டம். செய்தால் அதே பூட்டுடைத்த சரக்கு இறங்கும். ஃப்ளெக்ஸுக்கு ஆன செலவில் தெரு முழுக்க வாங்கி விளையாடியிருக்கலாமே என்கிறீர்களா? வாங்கினால் யாருக்குத் தெரியும்? ஃப்ளெக்ஸ் என்றால் பஸ்ஸில் போகிறவனும் பார்ப்பான்.

பிறகு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்திவிட்டு ராசாங்கம் மைக்கில் முழங்கினார்: "இந்த ஆட்டம் இல்லாத வூடே நம்ம ஊர்ல இல்ல!" பலத்த கைதட்டல். காசு கொடுத்து வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்று தெரிந்த ஒரே ஆள் மேடையில் தலைகுனிந்து நின்றாள். அடக்கம் என்று கூட்டம் அதற்கும் கைதட்டியது.

சாப்பாட்டுப் பந்தியில் ராசாங்கம் போனை நீட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். நான் பக்கத்து இலையில் இருந்தேன்.

"நாலாவது தோப்புல பன்னி அசையாம நின்னுடுது பாப்பா. கொஞ்சம் என்னான்னு பாரு."

"சித்தப்பா, இது நீங்க வாங்குனதுங்களா?"

"நமக்குள்ள என்ன வாங்குறது குடுக்கறது?"

"காசு கட்டி வாங்குனதுல நிக்காதுங்க சித்தப்பா."

"அது தெரியும்மா. இதுலயும் நிக்காம பண்ணிக் குடு."

அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நான் பொங்கல் கழிஞ்சி மெட்ராஸ் போறேங்க சித்தப்பா. பழைய ஆபீசுக்கே."

"ஏம்மா? இதான் நல்லா ஓடுதே!"

"ஓடுதுங்க. எல்லா வூட்லயும் ஓடுது."

சொன்னபடியே போய்விட்டாள். ஏரியில் மீன் பிடிக்கும் அடுத்த விளையாட்டு அந்த மாடியறையில் பாதியில் நிற்கிறது. எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க விரும்பவில்லை. ராசாங்கத்துக்கும் எரிகிறதாம். 'திறமையை வாழவிடாத ஊர்' என்று அழும் முகங்களோடு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்.

உங்களுக்கும் கோபம் வருகிறது, இல்லையா? உங்களுக்குத் தெரிந்த நாலு ராசாங்கங்களுக்கு இதை உடனே அனுப்பி உறைக்கவைக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. புத்தகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிப் படிக்கச் சொல்வீர்களா என்ன? இந்தப் பக்கத்தைப் படம்பிடிக்கப் போனை எடுத்து நேராகப் பிடித்தாயிற்று. தயங்காதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். ஓரம் எங்காவது வெட்டுப்பட்டிருந்தால் சொல்லுங்கள், நான் சரி பண்ணிக் கொடுக்கிறேன்.