ஆசியா லைன்

இந்தத் தீபாவளி முடிந்ததும் என் மனைவிக்கு ஒரு மாதம் ஆசியாவைச் சுற்றிக் காட்டுவது என்று சித்திரையிலேயே முடிவெடுத்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. நல்ல முடிவுகளை நான் அவளிடம் கேட்டு எடுப்பதில்லை. கேட்டபிறகு அவை நல்ல முடிவுகளாக இருப்பதில்லை.

தீபாவளிக்குப் பிறகு என்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு வீடு விருதுநகரில், வேலை சிவகாசியில். பட்டாசு கம்பெனி ஒன்றில் விற்பனை மேனேஜர். நாடே வெடித்து முடித்த மறுநாள்தான் எங்களுக்கு விடியும். கம்பெனியைப் பூட்டினால் ஒரு மாதம் கழித்துப் பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். அந்த ஒரு மாதத்தில் முதலாளிகள் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போவார்கள். மேனேஜர்கள் குடும்பத்தோடு குற்றாலம் போவார்கள். தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள். இந்த வரிசையில் ஓர் இடமாவது முன்னேற வேண்டும் என்று நினைத்தேன். அது ஒரு குற்றமா?

மேனேஜர் நாற்காலிக்கு வருவதற்கு முன் பல வருஷம் நான் ரெப்பாக, அதாவது விற்பனைப் பிரதிநிதியாக, லைனில் போனவன். லைன் என்றால் வடநாட்டுக்கு ஆர்டர் பிடிக்கப் போகும் பாதை. இரவில் ரயில், காலையில் ஸ்டேஷனில் குளியல், பத்து மணிக்கு டீலர் கடை, மாலையில் மறுபடி ரயில். லாட்ஜ் என்பது சோம்பேறிகளுக்காகக் கட்டப்பட்டது. ஓர் ஊரில் அரை நாளுக்கு மேல் நின்றவன் ரெப்பே அல்ல. இந்த ஞானத்தையெல்லாம் திரட்டித்தான் ஆசியாவுக்கு லைன் போட்டேன். சிங்கப்பூரில் ஆரம்பம், ஜப்பானில் முடிவு. நடுவில் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், சீனா, கொரியா. ஒரு காலண்டரின் பின்பக்கத்தில் அத்தனையையும் எழுதி என் மனைவி பொன்னுத்தங்கத்திடம் நீட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பருப்பில் கல் பொறுக்கும்போது போட்டுக்கொள்ளும் அதே கண்ணாடி.

"ஏங்க, இதுல ராத்திரி எங்க தூங்க?"

"பஸ்ல."

"மறுநா?"

"ரயில்ல."

"குளிக்க?"

"ஸ்டேஷன்ல."

"தொவச்ச துணி?"

"போற வழியிலயே காஞ்சிரும்."

"நானும் போற வழியிலயே காஞ்சிருவேன் போலிருக்கே. ஒரு ஊருக்கு அரை நாளு போட்டிருக்கீக. அதுல என்னத்தப் பாக்க?"

"பாட்னாவுல அரை நாள்ல அத்தன டீலரையும் பாத்துட்டு லஸ்ஸியும் குடிச்சிருக்கேன்."

"நான் டீலரப் பாக்க வரல."

அவளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. யூடியூப்பில் பார்த்து வைத்திருக்கிறாள். என்னைத் தவிர எல்லாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் காலம் இது.

"ரெண்டே ஊரு போதும். லாவோஸ்ல லுவாங் பிரபாங்னு ஒண்ணு. பெரிய ஆறு ஓடுதாம். பாதி மாசம் அங்கன. மீதி மாசம் தாய்லாந்துல ஒரு கடக்கரை."

"ஒரே ஊருல பாதி மாசம் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"சும்மா இருக்கவா பிளேன் ஏறிப் போறது? சும்மா இருக்க விருதுநகர் போதாதா?"

"விருதுநகர்ல நான் என்னைக்குங்க சும்மா இருந்தேன்?"

நான் குரலை உயர்த்தினேன்.

"ஒன்னய ஊரு ஊராக் கூட்டிட்டுப் போகலையா நான்? கல்யாணமான புதுசுல ஆக்ரா லைனுக்கு ஒன்னயும் கூட்டிட்டுத்தான போனேன்? அந்தக் காலத்துல எந்த ரெப்பு பொண்டாட்டிய தாஜ்மஹாலுக்குக் கூட்டிட்டுப் போனான்?"

"தாஜ்மஹாலுக்கு எங்க போனோம்? ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஆட்டோவ நிப்பாட்டவே இல்லயே."

"ஆட்டோல போகும்போது பாத்தோம்ல?"

"நீங்க பாத்தீக. நான் உக்காந்திருந்த பக்கம் பேட்டரி கடை இருந்துச்சு."

இத்தனை வருஷமாக அவள் இதைச் சொன்னதில்லை. வட்டி சேரட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"இந்தா பாரு," என்றேன். "லைன்னா லைனு. ஒரு ஊருல அரை நாளு பிந்துனா பின்னால மொத்தமும் கெட்டுப்போகும். எதையும் மாத்த முடியாது."

"மாத்தவே முடியாதா?"

"முடியாது."

"சரி," என்று கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள்.

மாற்ற முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை வாசகர்களிடம் மட்டும் சொல்கிறேன். சீனாவில் லியூயாங் என்று ஒரு ஊர் இருக்கிறது. அவர்களுடைய சிவகாசி. எங்கள் தொழிலில் இருப்பவன் செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கும் ஊர். காலண்டரில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. 'மலைக் காட்சி' என்று எழுதியிருந்தேன். அங்கே பக்கத்தில் மலை இருக்கத்தான் செய்கிறது. எங்கள் முதலாளி சபரிநாதனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, அங்கே ஒரு கம்பெனிக்குச் சிபாரிசும் வாங்கி வைத்திருந்தேன். முதலாளி யாரிடமும் சொல்ல மாட்டார். அவருடைய மனைவி என்பவர் 'யாரிடமும்' என்பதில் அடங்க மாட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆவணி மாதம் முதலாளி வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்த பொன்னுத்தங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் காலண்டரை இன்னொரு தடவை படித்தாள். இரண்டு நாள் கழித்து, காப்பியோடு வந்து சொன்னாள்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன். உங்க பிளானே சரி."

"எது?"

"ஆசியாதான். ஒரு எழுத்து மாத்த வேணாம். என் முட்டிக்கு பஸ்ஸு மட்டும் தாங்காது. நீங்க சிங்கப்பூர், மலேசியா எல்லாம் முடிச்சுட்டு வாங்க. நான் பிளேன்ல நேரா அந்த லாவோஸுக்கு வந்துர்றேன். அங்கன பாத்துக்கிருவோம்."

"அங்கருந்து சேந்து போவமா?"

"பிளான்ல எப்பிடி இருக்கோ அப்பிடி."

டிக்கெட் எல்லாம் மகள் அனுப்பிரியா பெங்களூரிலிருந்து போட்டாள். "அப்பா, நீங்க எழுதுன மாதிரியே அச்சு அசலா போட்டுட்டேம்பா," என்று போனில் சிரித்தாள். மகள் சிரித்தால் தகப்பன் சந்தோஷப்படுவான். சந்தேகப்படுவதில்லை.

பேரம் பேசாமல் ஆர்டர் கொடுக்கிற டீலர், சரக்கு வந்து சேரும்போது இறக்கிக்கொள்ள மாட்டான். லைனில் நான் கற்ற முதல் பாடம் அது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பாடத்தையும் சேர்த்துக் கழற்றிவிடுவது என் வழக்கம்.

பக்கத்து வீட்டு ராஜகனி மதினியாவது எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்கலாம். ஆலங்குளம் சிமெண்ட் ஆலை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிமெண்ட் மாதிரியே ஆள். முதலில் குழைவாக இருப்பார், இறுகிவிட்டால் கடப்பாரைதான் வேண்டும். ஒருநாள் காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, லாவோஸ்ல புழுங்கரிசி கிடைக்குமா?"

"அங்க ஒட்டுற அரிசிதான் மதினி. உருண்டை உருண்டையாப் புடிச்சுத் திங்கான்."

"ரசப்பொடி கொண்டுபோனா ஏர்போர்ட்ல புடுங்குவாகளா?"

"புடுங்க மாட்டான். எதுக்கு மதினி கேக்கீக?"

"சும்மா பொது அறிவுக்கு."

பெண்களுக்குப் பொது அறிவு வளர்வது நாட்டுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்தது. கம்பெனியைப் பூட்டினோம். லைனில் இறங்கினேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் ஒரு பாலத்தைப் பார்த்தேன். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது கழுத்துப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு தாய்லாந்து முழுவதையும் இடது பக்கமாகவே பார்த்தேன். பாங்காக்கில் எந்தக் கோயிலைப் பார்த்தேன், எந்தக் கோயிலின் வாசலில் தூங்கினேன் என்பதைப் போட்டோவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. லைனில் போன காலத்தில் எனக்கு வயது இருபத்தெட்டு. காலண்டரில் ஊரையெல்லாம் எழுதியவன் இதை மட்டும் எழுத மறந்துவிட்டேன். ஆனாலும் ஒரு தெம்பு இருந்தது. லாவோஸில் பொன்னுத்தங்கம் இருப்பாள். வெந்நீர் போட்டுத் தருவாள். தைலம் தேய்த்துவிடுவாள். திட்டிக்கொண்டே தேய்ப்பாள். பரவாயில்லை.

லுவாங் பிரபாங்கில் பஸ் காலையில் இறக்கிவிட்டது. விலாசத்தை விசாரித்து நொண்டிக்கொண்டே போனேன். ஆற்றைப் பார்த்த வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றில் என் மனைவி. காலைத் தூக்கி எதிரே ஸ்டூலில் போட்டிருந்தாள். கையில் பப்பாளித் துண்டு. அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். இன்னொரு நாற்காலியில் ராஜகனி மதினி, பொது அறிவோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க அண்ணாச்சி! சாப்பிட்டீகளா? ரசம் இருக்கு."

"நீங்க எங்க மதினி இங்கன?"

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் பொன்னுத்தங்கம். "என்னங்க கால இப்பிடி வீங்க விட்டிருக்கீக? உக்காருங்க."

உட்கார்ந்தேன். வெந்நீர் வந்தது. தைலமும் வந்தது. திட்டு வரவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"பையை எந்த ரூம்ல வைக்க?" என்றேன்.

"எதுக்கு ரூமு? மத்தியானம் சைனா ரயிலு இருக்குல்ல உங்களுக்கு? ஸ்டேஷனுக்கு வேனு வந்துரும்."

"எனக்கா? நமக்கா?"

"உங்களுக்குத்தான். எனக்கு இந்த ஊருல பாதி மாசம் போட்டிருக்கு. அப்புறம் கடக்கரை."

"அப்ப, சேந்து போறது?"

"அதான் சேந்துட்டோமே. உங்க பிளான்ல இந்த ஊருக்கு அரை நாளு. அந்த அரை நாளு சேந்துதான இருக்கோம்?"

"நானும் இங்கயே இருந்துர்றேனே, பொன்னு. கால் வேற இப்பிடி இருக்கு."

"அய்யய்யோ, அது எப்பிடி? ஒரு ஊருல பிந்துனா மொத்த லைனும் கெட்டுப்போகும்லா?"

"ரூமும் ரெண்டு பேருக்குத்தான் அண்ணாச்சி," என்றார் மதினி. "இங்கன வேற எங்கயும் காலி இல்ல, விசாரிச்சுட்டோம். நீங்களும் லாட்ஜ்ல தங்குற ஆளு இல்லையே."

பொன்னுத்தங்கம் என் காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கசந்தது.

"மலைக் காட்சி காத்துக்கிட்டிருக்கும்ங்க. முதலாளி வீட்டம்மா வளைகாப்புலயே சொல்லிட்டாக. சைனாவுல பட்டாசு கம்பெனி பாக்க உங்களுக்கு எம்புட்டு ஆசைன்னு. நான் எதுக்கு அதக் கெடுக்க? நீங்க உங்க லைனப் பாருங்க. நான் இந்த ஆத்தப் பாக்கேன்."

ஆற்றைப் பார்த்தேன். அது எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் இப்படி ஒரு ஆள் இருந்தால் ஒரே மாதத்தில் வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன்.

வேன் வந்தது. பையைத் தூக்கி வைத்தார்கள். என்னையும் ஏறக்குறைய அப்படித்தான்.

"தங்கம், ஒரு வார்த்த சொல்லு, எறங்கிர்றேன்."

"வேனு ஒரு சுத்து சுத்தி இந்த ஆத்தங்கரை ரோட்டுலதான் வரும். நான் ஆத்தோரத்துல நிக்கேன். போகும்போது பாத்துக்கிடுங்க, கையக் காட்டுறேன்."

வேனில் ஒரே ஓர் இருக்கைதான் மிச்சம் இருந்தது. வேன் தெருவைச் சுற்றி ஆற்றங்கரை ரோட்டுக்குத் திரும்பியது. டிரைவரின் தோளைத் தட்டி, கொஞ்சம் நிறுத்தப்பா என்று தமிழில் கெஞ்சினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கடிகாரத்தைக் காட்டினான். ஆற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள்.

நான் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பேட்டரி கடை இருந்தது.