வடிவம்மாள் காற்றில் சாயுமா?

"வடிவம்மாள் காத்துல சாயுமா?"

கடைசி வரிசையிலிருந்து கேள்வி வந்ததும் குருபிரசாத்தின் பார்வை முன்வரிசைக்குப் போயிற்று.

சேரன்மகாதேவிப் பண்ணையில் ஆறு வருஷமாக மகரந்தம் மாற்றி, விதை போட்டு, தேறாததைக் கழித்து அவன் உருவாக்கிய புது கிளாடியோலஸ் பூ ரகம் மேடையில் ஜாடியில் நின்றது. பூ விவசாயிகளுக்குப் பிடித்தால் ஆராய்ச்சிப் பாத்தி தப்பும். இல்லாவிட்டால் அங்கே வாழை வைத்துவிடுவதாக முதலாளி திருஞானசம்பந்தம் சொல்லியிருந்தார். அவர் மனம் இளகட்டும் என்றுதான் ரகத்துக்கு முதலாளியம்மாவின் பெயரை வைத்தான். அந்த அம்மாளை அவன் பார்த்ததில்லை. வீடு ஏரலில், பண்ணைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது. இன்று பட்டும் வைரத்தோடுமாக ஓர் அம்மா முதலாளியின் காரில் வந்திறங்கி, முன்வரிசையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்ததும், இவர்தான் என்று புரிந்துகொண்டான்.

கேட்டவளோ நூல்சேலை, மடியில் குடை.

"சாயும்மா. பூ கனமில்லா? கம்பு ஊனித்தான் நிறுத்தணும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பட்டுச்சேலைக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சமாளிக்க வேண்டும்.

"ஆனா ஒடியாது. இடுப்பு நல்ல பருமன்!"

தண்டு என்று சொல்ல நினைத்தது வேறு மாதிரி வந்துவிட்டது.

"நம்ம ஊரு வெயிலத் தாங்குமா?" குடைக்காரிதான்.

"தாங்கும். மூஞ்சிதான் லேசாக் கருக்கும்."

பட்டுச்சேலைக்காரம்மா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தீனி?"

"நல்லாத் தின்னும்." அவனுக்கு வேர்த்தது. "இனிமே ரகம்னு மட்டும் சொல்லுதேனே. பேரு வேண்டாம்."

"ஏன், பேருக்கு என்ன கொறச்சல்? வடிவம்மாள்னே சொல்லுங்க. வாசனை உண்டா?"

"வடிவம்மாள் கிட்ட வாசனையே கிடையாது!"

பந்தல் குலுங்கிற்று. அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"கொஞ்சம் வாய மூடுதியளா? வாங்குதவங்க கேக்கட்டும்!"

குடைக்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிசயமாக, விவசாயிகளுக்குப் பேச்சு பிடித்துப்போயிற்று. குறையை மறைக்காமல் சொல்லுகிறான் என்று ஆளாளுக்கு விதைக்கிழங்கு கேட்டார்கள். பாத்தி தப்பியது. குருபிரசாத்துக்கு மட்டும் நிம்மதியில்லை. காப்பிப் பந்தலில் வடையும் கையுமாக நின்ற பட்டுச்சேலைக்காரம்மாவிடம் ஓடினான்.

"அம்மா, மன்னிச்சிருங்க. உங்க பேர வச்சு இப்படியாகும்னு நினைக்கல. எல்லாம் அந்தக் குடைக்காரப் பொம்பளையால வந்தது. வீட்டுல பேச ஆளில்லாம இங்கன வந்து உயிர வாங்குது. புருஷங்காரன் எப்படித்தான் காலந்தள்ளுதானோ, பாவம்!"

பக்கத்தில் நின்ற முதலாளி காப்பித் தம்ளருக்குள் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் வடையை மென்று விழுங்கினார்.

"தம்பி, நான் முதலாளிக்குத் தங்கச்சி அனுராதா. அந்தக் குடை வச்சிருக்காவளே, அவ்வோதான் எங்க வடிவு மதினி."