மச்சான் விற்ற கார்

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபோது டிரைவர் திலீபன் பேராதனைப் பாலத்தின் நடுவில் இருந்தான். பின் சீற்றில் பற்றிக் சேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

விளக்கில் ஓர் ஆயில் கேத்தலின் படம். அதற்குக் கீழே ஜப்பான் எழுத்தில் இரண்டு வரி. ஜெர்மன்காரன் செய்து, ஜப்பான்காரன் ஓட்டிக் களைத்து, அதன் பிறகு கண்டிக்கு வந்து சேர்ந்த கார் அது. என்ன சொல்வதென்றாலும் ஜப்பான் மொழியில்தான் சொல்லும்.

"என்னமோ டிங்குன்னு கேட்டிச்சே?" என்றார் சேர்.

"பெல்ட்டு சேர். நான் பெல்ட்டு போடல."

பெல்ட் அவன் நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கமாகத்தான் கிடந்தது. சேர் நிமிர்ந்து பெல்ட்டைப் பார்த்தார். பிறகு விளக்கையும் பார்த்தார். மறுபடி விடைத்தாளுக்குள் போய்விட்டார்.

பற்றிக் சேர் கண்டியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிற டியூஷன் மாஸ்டர். பெரிய மண்டபம், நிறையப் பிள்ளைகள். ஆனாலும் இந்தக் காரை அவராகத் தேடிப் போகவில்லை. அவருடைய மனைவி ஜெஸ்மின் மிஸ்ஸுக்கு பிறையன் என்று ஓர் அண்ணன். பிறையன் விற்க நினைத்தார், மிஸ் வாங்க நினைத்தார், சேர் தலையாட்டினார். மச்சான் விஷயத்தில் வாய் திறக்காமல் இருப்பதுதான் அந்த வீட்டுச் சமாதானத்தின் அடித்தளம்.

இருந்தாலும் ஒரு சம்பிரதாயத்துக்கு, டிரைவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். திலீபன் கம்பளை வரை ஓட்டினான். திரும்பும் வழியில் பிறையன் அவனைக் கெலிஓயாவில் இறக்கி ஒரு புரியாணி வாங்கிக் கொடுத்தார். கோழிக்கால் முழுசாக இருந்தது, முட்டையும் இருந்தது. கை கழுவிக்கொண்டு வந்து திலீபன் தீர்ப்புச் சொன்னான்.

"சேர், கல்லு மாதிரி இருக்கு. கண்ண மூடிட்டு வாங்கலாம்."

சேர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்.

இப்போது கேத்தல் விளக்கு எரிகிறது. சொகுசுக் கார் பழசானால் ஆயில் குடிக்கும் என்று எல்லா டிரைவரும் சொல்லித் திலீபன் கேட்டிருக்கிறான். சேருக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு சேரின் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற அறையும் போகும். அந்த அறை போனால் சிந்துஜாவும் போய்விடுவாள். கலியாணத்துக்கு அவள் வைத்த ஒரே நிபந்தனை, "உங்க கலஹா தோட்டத்து லயத்துக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்பதுதான். ஆக, திலீபனின் குடும்ப வாழ்க்கை மொத்தமும் அந்த இஞ்சினுக்குள் ஆயிலோடு ஆயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பக்கத்தில் பேராதனையில் ஆயில் வாங்கினால் சேரின் காதுக்குப் போய்விடும். அதனால் கெலிஓயாவில் அரூஸ் நானாவின் கடைக்குப் போனான்.

"பெரிய கார்னா குடிக்கத்தான் செய்யும் தம்பி," என்றார் அரூஸ். "வாங்கக்கொள்ளயே அதுக்கும் சேத்துத்தான் வாங்கோணும். ஊத்திட்டு ஓடுங்க."

மறுநாள் காலை, சேர் குளிக்கிற நேரம் பார்த்து, குசினியில் தேங்காய் எண்ணெய்க்கு வைத்திருந்த புனலை எடுத்து வந்து ஒரு கான் ஊற்றினான். பழைய காரென்றால் குச்சியை இழுத்து அளவு பார்க்கலாம். இந்தக் காரில் குச்சியே இல்லை. பணக்காரர் கையில் எண்ணெய் பட வேண்டாமென்று கம்பனிக்காரன் குச்சியை எடுத்துவிட்டு அளவைத் திரையில் போட்டிருந்தான். திரையோ ஜப்பான்.

விளக்கு அணைந்தது. திலீபன் பெருமூச்சு விட்டுப் புனலைக் கழுவி ஆணியில் மாட்டினான். ஆனால் அதே கிழமைக்குள் விளக்கு மறுபடி எரிந்தது.

"போன்ல படம் புடிச்சா அதுவே தமிழ்ல சொல்லுமாம்," என்றாள் சிந்துஜா.

படம் பிடித்தான். 'எண்ணெய் அளவு பொருத்தமற்றது. கடையை அணுகவும்' என்று வந்தது.

"நான் கடைய அணுகிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றான் திலீபன். மறுபடியும் அரூஸ் நானாவை அணுகினான். இந்த முறை இரண்டு கான்.

இரண்டாவது முறை ஊற்றிய பிறகு விளக்கு அணையவும் இல்லை, கார் சும்மா இருக்கவும் இல்லை. புகைக்க ஆரம்பித்தது. கண்டி நகரத்து வாகன நெரிசலில் பின்னால் வந்த த்ரீவீல்காரர் தலையை வெளியே நீட்டி, மூன்று மொழிகளிலும் தன் கருத்தைச் சொன்னார்.

"என்ன திலீபன், பின்னால நீலமாத் தெரியுது?" என்று சேர் கேட்டார்.

"பனி சேர்."

பகல் ஒரு மணி. கருங்கல் வெடிக்கிற வெயில்.

"ஓ, பனி," என்றார் சேர். "இந்தப் பக்கம் அப்படித்தான்."

இரசாயனவியல் படித்த மனிதர் இப்படிச் சொன்னதைக் கேட்டுத் திலீபனுக்கு மனம் உருகிவிட்டது. இவ்வளவு நம்புகிற மனிதரையா ஏமாற்றுகிறோம் என்று உண்மையாகவே வருந்தினான். வருந்தியபடியே கெலிஓயாவுக்குப் போய், புகைக்கிற காருக்கு என்ன ஊற்றலாம் என்று விசாரித்தான். அரூஸ் தடிப்பான ஆயிலைக் கொடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகப் புகையும் தடித்தது.

பிறகு காரைப் பின்பக்கம் சுவரைப் பார்த்து நிறுத்தினான். புகை சுவரில் படியும், யாருக்கும் தெரியாது என்று எண்ணம். சுவரோரம் ஜெஸ்மின் மிஸ்ஸின் அந்தூரியச் சாடிகள் இருந்தன. ஒரு கிழமைக்குள் சிவப்புப் பூக்களெல்லாம் கறுத்துவிட்டன. திலீபன் ஈரத்துணியோடு குந்தியிருந்து ஒவ்வொரு பூவாகத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மிஸ் வந்துவிட்டார்.

"என்ன தம்பி செய்றீங்க?"

"பூவுக்கு தூசி மிஸ்."

மிஸ் கறுத்த துணியைப் பார்த்தார், காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "ஆமா. ரோட்டுத் தூசி மோசம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மாலை மிஸ் புதிதாக ஒரு புனல் வாங்கி வந்து குசினியில் மாட்டினார். "ஒன்னு தேங்காய் எண்ணெய்க்கு. ஒன்னு மத்ததுக்கு," என்றார்.

மற்றது எது என்று கேட்கத் திலீபனுக்குத் துணிவு வரவில்லை. மிஸ் சந்தேகப்படுகிறார் என்று மட்டும் விளங்கியது. சந்தேகம் தீர வேண்டுமானால் கேத்தல் விளக்கு அணைய வேண்டும். விளக்கு அணைய வேண்டுமானால் ஊற்ற வேண்டும். அவன் விடாமல் ஊற்றினான். அடுத்து வாங்கிய கான்கள் கட்டிலுக்கடியில் சிந்துஜாவின் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தன.

இந்த இலட்சணத்தில் பிறையனின் மகளுக்குக் கலியாணம் வந்தது.

"பொம்பிளை கார் வேற எங்கயும் தேட வேணாம்," என்று பிறையன் வீட்டுக்கு வந்து அறிவித்தார். "நான் வித்த கார். என் மகளையும் அதுதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அதுக்கென்ன," என்றார் சேர். குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

"வேற கார் நல்லா இருக்காதா அண்ணா?" என்றார் மிஸ்.

"ஏன், இந்தக் காருக்கு என்ன?"

"ஒன்னுமில்லையே," என்று சேரும் மிஸ்ஸும் திலீபனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கலியாணத்தன்று விடியற்காலையிலேயே திலீபன் பாதுகாப்புக்காக ஒரு முழுக் கான் ஊற்றிவிட்டுத்தான் றிபன் கட்டினான். கட்டி முடிந்ததும் சேர் வந்து, "றிபன் பத்தாது. கடைக்குப் போய் வாங்கிட்டு வா," என்று அனுப்பினார். வாங்கி வந்தால் மிஸ் வந்து, "ஊசி மறந்திட்டீங்க தம்பி. போய் வாங்கிட்டு வாங்க," என்று அனுப்பினார். கலியாண வீட்டுப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவையும் ஓடினான்.

கோயிலுக்கு முன்னால் ஓர் ஏற்றம். பாதி ஏற்றத்தில் கார் ஒருமுறை செருமியது. பிறகு, அதுவரை விட்டதெல்லாம் ஒத்திகை என்பது போலப் புகை விட்டது. வாசலில் நின்ற சனத்துக்குக் கார் தெரியவில்லை, மணமகளும் தெரியவில்லை, இருமல் சத்தம் மட்டும் கேட்டது. சாம்பிராணியை வாசலிலேயே போட்டுவிட்டார்கள் என்று நினைத்து வயதான அன்ரி ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். மணமகள் புகையிலிருந்து வெளியே வந்தபோது வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகியிருந்தது. இஞ்சின் அத்தோடு நின்றுவிட்டது.

"என்கிட்ட இருந்த வரைக்கும் இது ஒரு சொட்டு எண்ணெய் கேக்கல," என்றார் பிறையன். "என்னதான் செஞ்சீங்க என் காரை?"

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் கட்டுகஸ்தோட்டை ரோட்டிலுள்ள பெரியதம்பியின் கராஜில் விட்டார்கள். மறுநாள் எல்லாரும் அங்கே கூடினார்கள். பிறையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியதம்பி காருக்கடியில் ஒரு பேசினை வைத்து ஆயிலைத் திறந்துவிட்டார். பேசின் நிறைந்தது. இன்னொன்று வைத்தார், அதுவும் நிறைந்தது. கடைசியில் டயர் கழுவுகிற தொட்டியை இழுத்து வந்தார்.

"சேர், இந்தக் கார் எண்ணெய் குடிக்கல," என்றார் பெரியதம்பி. "எண்ணெயில மூழ்கிக் கெடந்திருக்கு. கொறைஞ்சாலும் இதே லைட்டுதான் எரியும், கூடினாலும் இதே லைட்டுதான். மொதல்ல கொஞ்சம் கொறைஞ்சிருக்கும், அது எந்தக் காரும் கொறையிறதுதான். அதுக்குப் பொறவு எவனோ வேலையத்தவன் ஊத்தி ஊத்தியே கொல்லப் பாத்திருக்கான். நல்ல இஞ்சின், தப்பிச்சிரிச்சு."

"யாரு ஊத்தினது?" என்று பிறையன் கேட்டார்.

சேர் சுவரிலிருந்த கலண்டரைக் கவனமாகப் படித்தார். மிஸ் கைப்பைக்குள் எதையோ தேடினார். இனி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடலாம் என்று திலீபன் வாயைத் திறந்தான்.

"சரி விடுங்க மச்சான், நடந்தது நடந்திரிச்சு," என்று சேர் முந்திக்கொண்டார்.

"இனி அதக் கிண்ட வேணாம் அண்ணா," என்றார் மிஸ்.

திலீபனுக்கு விளங்கிவிட்டது. இவர்களுக்கு எல்லாம் தெரியும். வெளியாள் முன்னால் மானத்தை வாங்க வேண்டாமென்று பொறுக்கிறார்கள், வீட்டுக்குப் போய்த்தான் இருக்கிறது.

அவன் நினைத்தது போலவே நடந்தது. வீட்டு வாசலில் சேர் அவனைத் தனியே கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்கு நீ இங்க இருக்க வேணாம் திலீபன். சிந்துஜாவையும் கூட்டிக்கிட்டுக் காலையிலேயே கலஹாவுக்குப் போயிரு."

அரை மணி கழித்து மிஸ் குசினிக் கதவோரம் நின்று கூப்பிட்டார். அவரும் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க இல்லாம இருந்தா நல்லது தம்பி. சேர்கிட்ட ஒன்னும் கேக்க வேணாம்."

அறைக்குள் வந்து சிந்துஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள்.

"ஒரு புரியாணி," என்றாள். "ஒரே ஒரு புரியாணி."

நல்ல மனிதர்களை ஏமாற்றியதற்கு இது வேண்டும் என்று திலீபனுக்குத் தோன்றியது.

காலையில் பேராதனையில் கலஹா பஸ் நிற்கிற இடத்தில் சிந்துஜாவைப் பெட்டிகளோடு உட்கார வைத்தான். "நான் கலஹாவுக்கு வர்றேன்னு இன்னும் சொல்லல," என்றாள் அவள். மிச்சமிருந்த இரண்டு கான்களையும் உரப்பையில் சுற்றிக்கொண்டு திலீபன் கெலிஓயாவுக்குப் போனான். அவற்றையாவது நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

"நானா, இது ரெண்டும் திறக்காத கான். திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டான்.

அரூஸ் கான்களைக் கையில் வாங்கவில்லை. மேசைக்கு உட்பக்கம் வரச் சொல்லிக் காலடியைக் காட்டினார். அங்கே அதே ஆயில் கான்கள் ஐந்தாறு திறக்காமல் வரிசையாக நின்றன.

"கடை திறக்கக்கொள்ளயே ஒங்கட சேர், நீங்க வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து வந்து, ஊத்தின மிச்சம்னு இதுகளத் தந்திட்டு, மிஸ்ஸுக்கும் டிரைவருக்கும் இந்த ரகசியத்தச் செல்ல வாணாம்னார்," என்றார் அரூஸ். "இப்பத்தான் மிஸ் வந்து, மத்ததுகளத் தந்திட்டு சேருக்கும் டிரைவருக்கும் செல்ல வாணாம்னு சென்னாங்க. நீங்க செல்லுங்க தம்பி, நான் இப்ப யாருக்குச் செல்லாம இருக்கோணும்?"